செய்திக்கு விலை, செய்தியாளருக்குக் கூலி

2023 ஆகஸ்ட் 16 அன்று, கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரான யெல்லோநைஃபைக் காலிசெய்யும்படி அரசு உத்தரவிட்டது. காட்டுத்தீ ஊரை நெருங்கிவிட்டிருந்தது. சுமார் 20,000 பேர் காரிலும் விமானத்திலும் கிளம்பினார்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது, தீ எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் கேபின் ரேடியோ என்ற உள்ளூர்ச் செய்தித் தளமும் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தன. அந்தச் செய்திகளின் இணைப்பை ஃபேஸ்புக்கில் பகிர முயன்றவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. செய்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, படமாகப் போட்டு ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டார்கள்.

இந்தத் தடையைப் போட்டது ஃபேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா நிறுவனம். அதற்குக் காரணமாக அமைந்ததோ, பத்திரிகைகளைக் காப்பாற்றுவதற்கென்றே கனடா நாடாளுமன்றம் அதே ஆண்டு ஜூனில் நிறைவேற்றிய சட்டம். செய்தி இணைப்புகளைக் காட்டும் பெரிய இணைய நிறுவனங்கள் செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்றது சட்டம். அப்படியானால் இணைப்பையே காட்டப்போவதில்லை என்றது மெட்டா. ஆகஸ்ட் 1 முதல் சொன்னதைச் செய்யத் தொடங்கியது. தடை கனடியப் பத்திரிகைகளோடு நிற்கவில்லை. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் பதிவுகளும் கனடாவில் இருப்பவர்களின் கண்ணுக்குப் படாமல் போயின. ஸ்கார்பரோவில் வசிக்கும் தமிழர் ஒருவர் யாழ்ப்பாணத்து நாளிதழையோ சென்னை நாளிதழையோ ஃபேஸ்புக்கில் படித்துவந்திருந்தால் அந்தப் பழக்கத்தையும் விட வேண்டியதாயிற்று.

நியாயமான ஒரு கோரிக்கை இந்த இடத்தில் எப்படி வந்து நின்றது? இந்தியாவும் இதே பாதையில் கால் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதால் நமக்கும் இந்தக் கேள்வி உரியது.

பத்திரிகைகள் சொல்லும் புகாரில் இரண்டு வழக்குகள் கலந்து கிடக்கின்றன. 'எங்கள் செய்தியின் தலைப்பையும் இரண்டு வரித் துணுக்கையும் இலவசமாகக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள்' என்பது ஒன்று. 'விளம்பரச் சந்தையின் எல்லா வாசல்களிலும் ஒரே நிறுவனம் உட்கார்ந்துகொண்டு, எங்களுக்கு வர வேண்டியதில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதைக்கூடச் சொல்வதில்லை' என்பது இன்னொன்று. மேடைகளில் முதலாவதுதான் உரக்கப் பேசப்படுகிறது. வலுவானது இரண்டாவது.

முதல் வழக்கு ஏன் பலவீனமானது? இணைப்பைப் பார்த்து வாசகர் பத்திரிகையின் தளத்துக்குத்தான் வருகிறார். 2020இல் ஆஸ்திரேலியப் பதிப்பாளர்களுக்கு 510 கோடி முறை வாசகர்களை இலவசமாக அனுப்பிவைத்ததாகவும், அதன் மதிப்பு 40.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்றும் ஃபேஸ்புக் கணக்குக் காட்டியது. அந்த மதிப்பீட்டை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனாலும் பத்திரிகைகளே தங்கள் செய்தி தேடுபொறியில் முதலில் வர வேண்டும் என்பதற்காகத் தனி ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும்போது, அந்த இணைப்பைத் திருட்டு என்று சொல்வது எடுபடாது. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீயும், இணைப்பு கொடுப்பதற்குக் கட்டணம் என்று வந்தால் வலையின் அடிப்படையே ஆட்டம் காணும் என்று ஆஸ்திரேலிய செனட் குழுவிடம் எழுத்து மூலம் எச்சரித்தார்.

பழைய வருமானம் போனதற்கும் கூகுளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆஸ்திரேலிய அச்சுப் பத்திரிகைகளின் வரி விளம்பர வருமானம் 2001இல் சுமார் 200 கோடி டாலராக இருந்தது. 2016இல் சுமார் 20 கோடிக்கு வந்துவிட்டது. வீடு வாடகைக்கு, வேலைக்கு ஆள் தேவை, பழைய கார் விற்பனைக்கு என்ற அந்தச் சின்னச் சின்ன விளம்பரங்கள் அவற்றுக்கென்றே தொடங்கப்பட்ட தளங்களுக்குப் போய்விட்டன. அங்கே வீட்டுமனை விளம்பரத்தில் கொடிகட்டிப் பறக்கும் ஆர்இஏ குழுமத்தின் பெரும்பான்மைப் பங்கு யாரிடம் இருக்கிறது என்றால், பத்திரிகை அதிபர் ரூபர்ட் மர்டாக் குடும்பத்தின் நியூஸ் கார்ப்பரேஷனிடம். இழந்ததாகச் சொல்லப்படும் பணத்தில் ஒரு பகுதி அதே வீட்டின் வேறு அறையில்தான் இருக்கிறது.

இரண்டாவது வழக்குக்கு ஆதாரம் வேண்டுமளவு இருக்கிறது. பத்திரிகையின் இணையப் பக்கத்தில் விளம்பர இடத்தை நிர்வகிக்கும் மென்பொருள் பெரும்பாலும் கூகுளுடையது. அந்த இடம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஏலம் விடப்படும் சந்தையும் கூகுளுடையது. விளம்பரம் தருபவர் அந்த ஏலத்தில் விலை கேட்கப் பயன்படுத்தும் கருவியும் கூகுளுடையது. விற்பவரின் தரகர், வாங்குபவரின் தரகர், ஏலக்கடை உரிமையாளர் எல்லாம் ஒருவரே. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியா கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி லியோனி பிரிங்கெமா, இந்தச் சந்தைகளில் இரண்டில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தை நிலைநாட்டியிருக்கிறது என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் இதே விவகாரத்தில் 295 கோடி யூரோ அபராதம் விதித்தது. பத்திரிகைகளின் பணம் எந்த இடத்தில் கசிகிறது என்பதை இவ்விரண்டும் காட்டிவிட்டன. ஆனால் உலகம் முழுவதும் அரசுகள் எழுதிய சட்டங்கள் பெரும்பாலும் முதல் வழக்கின் மேல்தான் கட்டப்பட்டன. கோளாறின் வேர் இங்கேதான்.

ஜெர்மனி இதை முதலில் அனுபவித்தது. 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியச் சட்டம், செய்தித் துணுக்குகளுக்குப் பதிப்பாளர்கள் கட்டணம் கேட்கலாம் என்றது. 2014 அக்டோபரில், கட்டணம் கேட்ட பதிப்பாளர்களின் துணுக்குகளையும் படங்களையும் கூகுள் நீக்கியது. வெறும் தலைப்பை மட்டும் விட்டுவைத்தது. ஐரோப்பாவின் பெரும் பதிப்புக் குழுமங்களில் ஒன்றான ஆக்ஸல் ஸ்பிரிங்கர் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது. தேடலிலிருந்து வரும் வாசகர்கள் ஏறக்குறைய 40 சதவீதமும், கூகுள் நியூஸிலிருந்து வருபவர்கள் ஏறக்குறைய 80 சதவீதமும் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி இலவச அனுமதியைக் கொடுத்தது. ஸ்பெயின் இதைக் கண்டு, பதிப்பாளர் நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாத உரிமையாகக் கட்டணத்தை வைத்தது. 2014 டிசம்பரில் கூகுள் நியூஸ் ஸ்பெயினில் கடையை மூடியது. திரும்பத் திறந்தது 2022இல், சட்டம் மாறிய பிறகு.

ஆஸ்திரேலியா வேறு வழியில் யோசித்தது. இந்த விவகாரம் முழுவதிலும் மிகுந்த கூர்மையோடு வடிவமைக்கப்பட்ட ஏற்பாடு அதுதான் என்பது என் கருத்து. அது எங்கே தோற்றது என்பதும் அதனாலேயே கவனிக்கத் தக்கது.

ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம், ராட் சிம்ஸ் தலைமையில் பதினெட்டு மாதம் விசாரித்து 2019 ஜூனில் அறிக்கையை முடித்தது. 2008–09க்கும் 2017–18க்கும் இடையில் 106 உள்ளூர், வட்டாரப் பத்திரிகைகள் மூடப்பட்டிருந்தன. அவை செய்தி சேகரித்துவந்த 21 உள்ளாட்சிப் பகுதிகளில் அச்சிலோ இணையத்திலோ ஒரு உள்ளூர்ப் பத்திரிகைகூட மிச்சமில்லை. மன்றக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள், உள்ளூர் நீதிமன்றத்தில் யாருக்குத் தண்டனை கிடைத்தது என்று எழுத ஆளில்லை. ஆணையம் காப்புரிமைப் பக்கம் போகவே இல்லை. பேரம் பேசும் பலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வுதான் பிரச்சினை என்று வரையறுத்தது. கூகுளுக்கு எந்த ஒரு பத்திரிகையும் அவசியமில்லை. எந்தப் பத்திரிகைக்கும் கூகுள் இல்லாமல் முடியாது.

அதற்கான மருந்தாக 2021 பிப்ரவரியில் நிறைவேறிய பேரச் சட்டம் ஒரு விசேஷமான நடுவர் முறையைக் கொண்டுவந்தது. இரு தரப்பும் பேசி உடன்பாட்டுக்கு வராவிட்டால், ஆளுக்கொரு தொகையை எழுதி நடுவர் குழுவிடம் தர வேண்டும். நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். நடுவில் ஒரு தொகையை வைத்துப் பஞ்சாயத்து பண்ண முடியாது. நம் ஊர்ப் பேரத்தில் விற்பவர் ஆயிரம் சொல்வார், வாங்குபவர் இருநூறு கேட்பார், அறுநூறில் முடியும் என்று இருவருக்கும் தெரியும். அதனால்தான் இருவரும் அநியாயமாகத் தொடங்குகிறார்கள். ஒன்றைத்தான் தேர்வார்கள் என்று ஆகிவிட்டால், அநியாயத் தொகை எழுதுபவர் முழுவதுமாகத் தோற்பார். பயத்தினாலேயே இருவரும் நியாயத்தின் பக்கம் நகர்வார்கள். நடுவரிடம் போகாமலே பேசித் தீர்த்துக்கொள்ளவும் செய்வார்கள்.

இந்தச் சட்டம் வரும் முன் கூகுளும் ஃபேஸ்புக்கும் மிரட்டிப் பார்த்தன. 2021 ஜனவரியில் கூகுளின் ஆஸ்திரேலிய நிர்வாக இயக்குநர் மெல் சில்வா, சட்டம் இப்படியே வந்தால் தேடுபொறியையே ஆஸ்திரேலியாவிலிருந்து எடுத்துக்கொள்வோம் என்று செனட் குழுவின் முன் சொன்னார். அது மிரட்டலோடு நின்றது. ஃபேஸ்புக் செய்தே காட்டியது. பிப்ரவரி 18 காலையில் ஆஸ்திரேலியர்களின் ஃபேஸ்புக்கில் செய்திகள் இல்லை. அதோடு வானிலை ஆய்வு நிறுவனத்தின் பக்கமும், குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலிய மாநிலச் சுகாதாரத் துறைகளின் பக்கங்களும் துடைத்து வைத்ததுபோல் இருந்தன. கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கவிருந்த வாரம் அது. ஐந்து நாள் பேச்சுவார்த்தைக்குப் பின் அரசு சில திருத்தங்களுக்கு ஒப்புக்கொண்டது. ஒரு நிறுவனத்தைச் சட்டத்தின் கீழ் அறிவிக்கும் முன், அது பத்திரிகைகளோடு தானாகச் செய்துகொண்டிருக்கும் ஒப்பந்தங்களை அமைச்சர் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது.

அதன் பிறகு நடந்தது விசித்திரம். இன்றுவரை எந்த நிறுவனத்தையும் அமைச்சர் அந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கவில்லை. நடுவர் குழு ஒரு முறைகூடக் கூடவில்லை. ஆனாலும் கூகுளும் மெட்டாவும் 30க்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் போட்டன; ஆண்டுக்கு 20 கோடி டாலருக்கு மேல் பத்திரிகைகளுக்குப் போனதாக ராட் சிம்ஸ் கணித்தார். உறையிலிருந்து எடுக்காத வாள் வேலை செய்தது. ஏபிசி என்ற பொது ஒலிபரப்பு நிறுவனம் அந்தப் பணத்தைக் கொண்டு பெருநகரங்களுக்கு வெளியே 50க்கு மேற்பட்ட புதிய செய்தியாளர் பணியிடங்களை உருவாக்கியது. இதைத் தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் வாள் உறையிலேயே இருந்ததால் சில அநீதிகளும் சத்தமில்லாமல் நடந்தன. யாரோடு ஒப்பந்தம் போடுவது என்பதை மெட்டாவே முடிவு செய்தது. பல மொழிகளில் ஒலிபரப்பும், தமிழிலும் நிகழ்ச்சி நடத்தும் எஸ்பிஎஸ் நிறுவனத்தோடு அது பேசக்கூட மறுத்துவிட்டது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதும் தி கான்வர்சேஷனுக்கும் அதே கதிதான். இரண்டோடும் கூகுள் ஒப்பந்தம் போட்டிருந்தது. ஆகவே தகுதிக் குறைவு என்று சாக்குச் சொல்ல இடமில்லை. பணத்தின் பெரும்பகுதி நியூஸ் கார்ப்பரேஷன், நைன், செவன் என்ற பெரிய ஊடகக் குழுமங்களுக்குப் போனது. ஒப்பந்தத் தொகைகள் ரகசியம். வாங்கிய பணத்தைச் செய்தி சேகரிப்பில் செலவிட வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் இல்லை.

பெரிய ஓட்டை வேறொன்று. செய்தியைக் காட்டும் நிறுவனத்துக்குத்தான் சட்டம் பொருந்தும். எல்லாருடைய செய்தியையும் சமமாக நீக்கிவிட்டால் பாரபட்சமும் இல்லை, பேரமும் இல்லை, பணமும் இல்லை. 2024 மார்ச் 1 அன்று, ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று மெட்டா அறிவித்தது. தன் பயனர்கள் பார்ப்பதில் செய்தி 3 சதவீதத்துக்கும் குறைவு என்றது. அதே ஆண்டு ஜூனில் நைன் நிறுவனம் 200 பேர் வரை ஆட்குறைப்பு செய்யப்போவதாக அறிவித்தபோது, சொன்ன காரணங்களில் மெட்டா பணம் நின்றதும் ஒன்று. மூன்றாண்டு வருமானத்தை நிரந்தர வருமானம்போல் நம்பிச் செலவுத் திட்டம் போட்டிருந்தார்கள்.

கனடா இதே சட்டத்தைத்தான் இன்னும் கடுமையாக எழுதப் பார்த்தது. அமைச்சரின் விருப்பத்துக்கு விடாமல், அளவுகோலுக்குள் வரும் எல்லா நிறுவனங்களும் தாமாகவே கட்டுப்படும் என்றது. கூகுளிடமிருந்து ஆண்டுக்குச் சுமார் 17 கோடி கனடிய டாலரும் மெட்டாவிடமிருந்து சுமார் 6 கோடியும் வரும் என்பது அரசு போட்ட கணக்கு. மெட்டா வெளியேறியது. தேடுபொறியில் செய்தி இல்லாமல் காலம் தள்ள முடியாத கூகுள், 2023 நவம்பரில் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. இரண்டு நிறுவனங்களிடமிருந்தும் சேர்த்து அரசு எதிர்பார்த்ததில் பாதிக்கும் குறைவு.

ஓராண்டு கழித்து மெக்கில், டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தடையின் விளைவை அளந்தார்கள். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கனடியச் செய்தி நிறுவனங்களுக்குக் கிடைத்துவந்த வாசகர் ஈடுபாட்டில் 85 சதவீதம் காணாமல்போயிருந்தது. உள்ளூர்ச் செய்தி நிறுவனங்களில் ஏறத்தாழ 30 சதவீதம் சமூக ஊடகங்களில் இயங்குவதையே நிறுத்திவிட்டிருந்தன. பெரிய நாளிதழுக்கு நேரடியாக வரும் வாசகர்கள் உண்டு. யெல்லோநைஃபின் சிறிய தளத்துக்கு ஃபேஸ்புக்தான் தெருமுனை. சட்டம் யாரைக் காப்பாற்ற வந்ததோ அவர்களுக்கே அடி பலமாக விழுந்தது.

இருந்தாலும் கனடாவில் ஒரு நல்ல விஷயம் நடந்தது. அதை ஆஸ்திரேலியாவில் காண முடியாது. கூகுளின் 10 கோடியைப் பங்கிடும் பொறுப்பை ஒரு கூட்டமைப்பிடம் கொடுத்தார்கள். ஒலிபரப்பு நிறுவனங்களுக்கு 3 கோடிக்கு மேல் கூடாது, சிபிசிக்கு 70 லட்சத்துக்கு மேல் கூடாது, மீதி எழுத்துப் பத்திரிகைகளுக்கு என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை செய்தியாளர்களை எத்தனை மணி நேரம் வேலைக்கு வைத்திருக்கிறது என்பதை வைத்துப் பங்கு. எத்தனை பேர் க்ளிக் செய்தார்கள் என்பதற்கு இங்கே மதிப்பில்லை. க்ளிக் கணக்கில் பணம் என்றால் நடிகையின் விடுமுறைப் படத்துக்குத்தான் பணம் போகும். நகராட்சி டெண்டரைத் தோண்டி எழுதியவருக்குச் சில்லறைகூட மிஞ்சாது. ஆள் கணக்கில் பணம் என்றால் ஆளை வைத்திருப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

பிரான்ஸ் போட்டிச் சட்டத்தைக் கையில் எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுக் காப்புரிமை நெறிமுறையின்படி பதிப்பாளர்களுக்குக் கிடைத்த உரிமையை மதித்து நேர்மையாகப் பேச்சு நடத்தவில்லை என்று 2021 ஜூலையில் பிரெஞ்சுப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 50 கோடி யூரோ அபராதம் போட்டது. 2024 மார்ச்சில் மேலும் 25 கோடி. இந்த இரண்டாவது அபராதத்துக்கான காரணங்களில் ஒன்று புதியது: பதிப்பாளர்களிடம் சொல்லாமலே அவர்களுடைய செய்திகளை பார்டு என்ற செயற்கை நுண்ணறிவுச் சேவையைப் பயிற்றுவிக்க கூகுள் பயன்படுத்தியிருந்தது.

இதோடு பழைய விவாதத்தின் காலம் முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். இணைப்பைக் காட்டுகிறோம், வாசகரை அனுப்புகிறோம், அதுவே கூலி என்று கூகுள் இதுவரை சொல்ல முடிந்தது. தேடியவருக்குத் தேவையான பதிலைச் செயற்கை நுண்ணறிவே பத்து வரியில் எழுதித் தந்துவிட்டால் அவர் எந்தப் பத்திரிகைக்கும் போக வேண்டியதில்லை. அந்தப் பத்து வரியை எழுதத் தேவையான தகவலை யாரோ ஒரு செய்தியாளர் ஆட்சியர் அலுவலக வராந்தாவில் காத்திருந்து வாங்கியிருப்பார். இணைப்பின் மேல் கட்டிய சட்டம் இணைப்பே இல்லாத உலகத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

ஆஸ்திரேலியா இதைப் புரிந்துகொண்டது. 2024 டிசம்பரில் அந்நாட்டு அரசு புதிய திட்டமொன்றை அறிவித்தது. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 25 கோடி டாலருக்கு மேல் வருமானம் பார்க்கும் தேடுபொறி, சமூக ஊடக நிறுவனங்கள் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும். பத்திரிகைகளோடு ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுத்தால் அந்தக் கட்டணம் கழியும். செய்தியைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் கட்டணம் உண்டு. இணைப்பை அறுத்துவிட்டுத் தப்பிக்கும் வழி அடைபடுகிறது. பத்தாண்டுச் சோதனையிலிருந்து கிடைத்த உருப்படியான பாடம் இதுதான்: பணத்தை விளம்பர வருமானத்தோடு கட்டு, இணைப்போடு கட்டாதே.

இந்த வழிக்கும் எதிரி உண்டு. அமெரிக்க நிறுவனங்களின் மேல் டிஜிட்டல் வரி போடும் நாடுகளுக்குப் பதிலடியாகச் சுங்கவரி விதிக்கப்படும் என்ற குறிப்பாணையில் 2025 பிப்ரவரியில் டிரம்ப் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு ஜூன் கடைசியில் கனடா தன் டிஜிட்டல் சேவை வரியைக் கைவிட்டது. இந்தியாவும் 2016இல் கொண்டுவந்த 6 சதவீத இணைய விளம்பர வரியை, 'கூகுள் வரி' என்று நாம் அழைத்துவந்ததை, 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கிவிட்டது. அந்த வரியில் ஒரு பங்கை உள்ளூர்ச் செய்திக்கு என்று ஒதுக்குவதைப் பற்றி அது இருந்த ஒன்பது ஆண்டுகளில் நாம் பேசவே இல்லை. பேசத் தொடங்கும்போது வரி இல்லை.

இந்தியாவில் வழக்கு 2022 ஜனவரி 7 அன்று தொடங்கியது. டிஜிட்டல் செய்திப் பதிப்பாளர் சங்கத்தின் புகாரின்பேரில் கூகுளை விசாரிக்கும்படி இந்தியப் போட்டி ஆணையம் தன் விசாரணைப் பிரிவுக்கு உத்தரவிட்டது. செய்தித் தளங்களுக்கு வரும் வாசகர்களில் பாதிக்கு மேல் தேடுபொறி வழியாகத்தான் வருகிறார்கள், விளம்பரத்துக்காக மொத்தம் எவ்வளவு வசூலிக்கப்படுகிறது, அதில் எத்தனை சதவீதம் எங்களுக்கு வருகிறது என்பது எங்களுக்கே தெரிவதில்லை என்பது புகாரின் சாரம். நான் மேலே சொன்ன இரண்டாவது வழக்கு இதுதான். நம்மவர்கள் சரியான கதவைத்தான் தட்டியிருக்கிறார்கள். பின்னர் இந்தியச் செய்தித்தாள் சங்கமும் வந்து சேர்ந்துகொண்டது. 60 நாளில் அறிக்கை வேண்டும் என்று கேட்ட விசாரணை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. பெரிய இணைய நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதற்கான டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது, சட்டமாகவில்லை. 2024 நவம்பரில் தேசியப் பத்திரிகை தினத்தன்று ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், பத்திரிகைகளுக்கு நியாயமான இழப்பீடு கிடைக்க வேண்டும் என்று பேசினார். அதே மாதம் ஏஎன்ஐ செய்தி முகமை, தன் செய்திகளை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகச் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓபன்ஏஐ மேல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

ஆக, ஏதோ ஒரு வடிவத்தில் பணம் வரக்கூடும். வந்தால் யாருக்குப் போகும்?

போட்டி ஆணையத்தின் கதவைத் தட்டிய பதிப்பாளர் சங்கம் பெரும் குழுமங்களின் அமைப்பு. அவர்கள் கேட்பதில் தவறில்லை. ஆனால் 'பத்திரிகைத் துறைக்கு இழப்பீடு' என்பதும் 'பத்திரிகை முதலாளிகளுக்கு இழப்பீடு' என்பதும் தாமாக ஒன்றாகிவிடாது. செய்தியாளர் ஊதியம் குறித்த மஜீதியா குழுவின் பரிந்துரை 2011 நவம்பரில் அறிவிக்கை ஆனது. பத்திரிகை நிறுவனங்கள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின. 2014 பிப்ரவரியில் தோற்றன. அதன் பிறகும் ஊதியம் வரவில்லை என்று ஊழியர்கள் அவமதிப்பு வழக்குப் போட, ஒப்பந்த ஊழியர்களுக்கும் இது பொருந்தும் என்று 2017 ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. செய்தியை உழைத்துச் சேகரித்தவருக்குக் கூலி தராமல் அதை வைத்துச் சம்பாதிக்கிறார்கள் என்று கூகுளைப் பார்த்துச் சொல்லும் வாதத்தை, அந்த நிறுவனங்களின் ஊழியர்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் நிர்வாகத்தைப் பார்த்துச் சொல்லிவருகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி தாலுகா அளவில் வந்து முட்டுகிறது. ஆஸ்திரேலிய ஆணையம் கணக்கெடுத்த அந்த 21 பகுதிகளில் இல்லாமல்போன வேலையை இங்கே செய்பவர் தாலுகா நிருபர். ஏரி உடைந்ததையும் ரேஷன் அரிசி கடத்தலையும் பஞ்சாயத்துத் தலைவரை நாற்காலியில் உட்கார விடாததையும் முதலில் எழுதுபவர் அவர்தான். அவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமான செய்திக்குச் சிறு தொகை, பிடித்துத் தந்த விளம்பரத்துக்குக் கமிஷன் என்று ஓடுகிறது பிழைப்பு. விளம்பரம் தரும் ஊர்ப் பெரியவரைப் பற்றி அவர் எப்படி எழுதுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், பகுதிநேரமாக வேலை செய்பவரையும் பத்திரிகையாளர் என்றே வரையறுத்தது. ஆனால் அவருடைய பெயர் பெரும்பாலும் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இருக்காது.

கனடாவின் ஆள் கணக்கு முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் அந்தக் கணக்கில் இவர் வரமாட்டார். அங்கே செய்தியாளருக்கு வேலைநேரப் பதிவு இருக்கிறது, வருமான வரிச் சான்று இருக்கிறது. இங்கே பதிவில் இருப்பவர் தலைநகர அலுவலகத்துக்காரர். எனவே நம் சட்டத்துக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை தேவை: இழப்பீட்டில் பங்கு கேட்கும் நிறுவனம், தன் செய்தியாளர்கள் எல்லாரையும், பகுதிநேரத்தவர் உட்பட, பெயரோடும் ஊதியத்தோடும் பதிவு செய்திருக்க வேண்டும், சட்டப்படியான ஊதியம் கொடுத்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பதிவு செய்தால்தான் பங்கு என்றால், இத்தனை ஆண்டு செய்யாத பதிவை முதலாளிகள் ஆறே மாதத்தில் செய்வார்கள்.

இதற்கு எதிராக ஒன்று சொல்லப்படும்: செய்தியாளர் பட்டியல் அரசின் கைக்குப் போனால் அரசுக்குப் பிடிக்காத பத்திரிகைகளை நசுக்கப் பயன்படும் என்று. இந்த அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். அரசு விளம்பரத்தை நிறுத்தியே பத்திரிகைகளைப் பணியவைத்த வரலாறு எல்லாக் கட்சி ஆட்சிகளுக்கும் உண்டு. அதனால்தான் பங்கிடும் பொறுப்பு அமைச்சகத்திடம் இருக்கக் கூடாது. செய்தியாளர் சங்கங்களும் சிறு பத்திரிகைகளும் உட்கார்ந்திருக்கும் தனிக் கூட்டமைப்பிடம் இருக்க வேண்டும். கணக்கு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் ரகசிய ஒப்பந்த முறையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இங்கே இறக்குமதி செய்யக் கூடாது.

டிஜிட்டல் போட்டி மசோதா மறுபடி வரும்போதும், செயற்கை நுண்ணறிவுக்கான உரிமத் தொகையைப் பற்றிக் கருத்துக் கேட்கும்போதும், பதிப்பாளர் சங்கங்களின் மனு தவறாமல் போய்ச் சேரும். அவர்களிடம் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுச் செய்தியாளர் சங்கங்களும் மாவட்டப் பத்திரிகையாளர் மன்றங்களும் தனியாக ஒரு மனு போட வேண்டும். கட்டணம் விளம்பர வருமானத்தின் மேல் விதிக்கப்பட வேண்டும், பங்கு செய்தியாளர் எண்ணிக்கையின்படி பிரிக்கப்பட வேண்டும், அந்த எண்ணிக்கையில் தாலுகா நிருபரும் சேர வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். இந்த மூன்றையும் சட்டம் வருவதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.